அணியும் அட்டையும்

விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட சிறியதோர் அட்டையை இலக்கிய ஏடு ஒன்று ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது தகுமா எனச் சிலர் வினவக்கூடும். மக்கள் எதனை விரும்பிச் சேர்க்கின்றனர், எதனைப் போற்றிப் பாதுகாத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கின்றனர் என்பது ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிவதற்கு உதவும் சான்றாகும். கவிதைக்கும் கூத்துக்கும் சமுதாய அடித்தளம் உண்டெனக் கொள்ளும் நாம், கோடிக்கணக்கான சிறுவர்களின் கைகளிற் புழங்கிய ஓர் அச்சுப் பொருளுக்கு அத்தகைய அடித்தளம் இல்லையெனக் கூற முடியாது. மேற்கே வாவியும் கிழக்கே கடலும் எல்லையாக, வெற்றிலைத் தோட்டங்களுக்கிடையே கிடக்கும் களுதாவளையிலிருந்து நோக்கும்போது அமெரிக்கச் சிறுவனின் அட்டைப் பெட்டி வெகுதொலைவில் இருப்பதாகவே தோன்றும். அத்தொலைவு தோற்றமளவிலானதே என்பதை இக்கட்டுரையின் போக்கிற் காணலாம்.

அமெரிக்காவில் பேஸ்போல் என்னும் பந்தாட்டம் பெருவழக்குடையது. அவ்வாட்டக்காரரின் படங்களைத் தாங்கி வரும் அட்டை உள்ளங்கையுள் அடங்குவது. முன்புறத்தில் வீரரின் படமும் அணியின் பெயரும் இருக்கும். பின்புறத்தில் அவர் பிறந்த ஊர், உயரம், நிறை, ஆண்டுவாரியான ஆட்டக் கணக்கு ஆகியன இருக்கும். தமக்குப் பிடித்த ஓர் அணியைத் தேர்ந்துகொண்டு, அவ்வணியில் ஆண்டுதோறும் ஆடியோர் அனைவரின் அட்டைகளையும் பல தசாப்தங்களாகச் சேர்த்து வருவோர் அந்நாட்டிற் பலர். தந்தை தொடங்கியதை மகன் தொடர்வதும் உண்டு. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் அட்டையோடு, ஒரே பருவம் ஆடி மறைந்துபோன ஒருவரின் அட்டையையும் அவர்கள் தேடி அலைவர். அவரின்றித் தொகுப்பு நிறைவுறாது.

இவ்வழக்கம் பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. இஃது அறியாப் பருவத்து விளையாட்டு, இதில் ஆராய யாதுமில்லை என்பது ஒன்று. இது வணிகர் விரித்த வலை, மக்களை மயக்கும் குப்பை, ஆதலால் ஒதுக்கத்தக்கது என்பது மற்றையது. முன்னையது அட்டையை அச்சிட்டவனை மறந்துவிடுகின்றது. பின்னையது அட்டையைச் சேர்த்தவனை மறந்துவிடுகின்றது. இருவரையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

அச்சிட்டவனிலிருந்து தொடங்குவோம். இவ்வட்டைகள் பரவலாக மக்களிடம் வந்தது சிகரெற் பெட்டிக்குள்ளிருந்தே. மெல்லிய தாட்பெட்டி நசுங்காதிருக்கச் செருகப்பட்ட கட்டியான தாளில், வாங்குவோரைக் கவர்வதற்காகப் படம் அச்சிடப்பட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் என்னும் புகையிலை நிறுவனம் 1896ஆம் ஆண்டில் கிரிக்கெற் வீரர்களின் அட்டைத் தொடரை வெளியிட்டது. அமெரிக்காவில் புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியிருந்த அமெரிக்கன் ரொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை பேஸ்போல் வீரர்களின் பெருந்தொடர் ஒன்றை விநியோகித்தது. அவ்வேகபோகத்தை உடைக்குமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அத்தொடரில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை மிகச் சிலவே வெளிவந்தன. தமது படத்தை வெளியிட அவர் இசையவில்லை. சிறுவர் தம் படத்துக்காகச் சிகரெற் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். தக்க கூலி தரப்படவில்லை என்பது மற்றொரு விளக்கம். எது உண்மையாயினும் ஒன்று தெளிவு: தன் முகத்தின்மேல் தனக்கு உரிமையுண்டு என ஒரு தொழிலாளி கூறினார். வாக்னர் தொழிலாளி என்பது உபசார வழக்கன்று. பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறி ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர் அவர். அவரது மறுப்பினால் அரிதாகிவிட்ட அவ்வட்டைகளுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. வேண்டாமென்று அவர் மறுத்த பொருளே பிறருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

புகையிலைக்குப் பின்னர் தேயிலை வந்தது. இங்கிலாந்தில் புறூக் பொண்ட் நிறுவனம் 1954ஆம் ஆண்டு முதல் தன் தேயிலைப் பொதிகளில் பட அட்டைகளை வைத்தது. முதலில் வந்தவை பறவைப் படங்கள். அங்குள்ள சிறுவர் தேயிலைப் பொதியைத் திறந்து பறவைகளை எண்ணி அடுக்கினர். அத்தகைய தேயிலையைக் கொய்து கொடுத்த நம் மலையகத் தொழிலாளரின் நிலை அவ்வாண்டில் எவ்வாறிருந்தது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் தலைவிதியை, அவர்களைக் கேளாமலே, 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தமாக எழுதிக் கைச்சாத்திட்டனர். பொதிக்குள் இருந்த அட்டையில் பறவைக்கு இடமிருந்தது. கொழுந்து கொய்தவளுக்கு இடமில்லை. படம் எதைக் காட்டுகின்றது என்பதோடு அப்படத்தைச் சுமந்து வந்த பொருளை விளைவித்தவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டியிருக்கின்றது. இக்கேள்வியினாலேயே களுதாவளைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தொலைவு குறைகின்றது.

இனிச் சேர்ப்பவனிடம் வருவோம். நியூயோர்க் நகரின் ஒரு பகுதியாகிய புறூக்ளினில், டொட்ஜர்ஸ் என்னும் அணியை உயிரென நேசித்த உழைக்கும் மக்களுள் ஒருவர், அவ்வணியின் அட்டைகளை ஆண்டு வரிசையில் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வரிசை நமக்கு எதனைக் கூறும்?

முதலாவதாக, 1947க்கு முந்திய அட்டைகளில் ஒரு கறுப்பு முகமும் இராது. அவ்வாண்டு ஏப்ரில் 15ஆம் திகதி ஜக்கி றொபின்சன் அவ்வணியிற் களமிறங்கும்வரை, அந்த நூற்றாண்டில் பெரும் லீக்குகளின் கதவு கறுப்பு மக்களுக்கு மூடியே இருந்தது. அவர் ஆடத் தொடங்கிய ஆண்டிலேயே ஒரு ரொட்டி நிறுவனம் அவரது படத்தை அட்டைகளாக்கிப் பரப்பியது. கறுப்பு மக்களும் ரொட்டி வாங்குவர் என்பதை வணிகம் கண்டுகொண்டது. அதே ஆண்டு ஜனவரியில், கறுப்பு மக்களுக்கென ஒதுக்கப்பட்ட லீக்குகளில் ஒப்பாரும் மிக்காருமின்றி ஆடிய ஜோஷ் கிப்சன் தமது முப்பத்தைந்தாவது வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அமெரிக்காவின் பெரிய அட்டை நிறுவனம் எதுவும் அவர் படத்தை வெளியிடவில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் அந்த ஒதுக்கப்பட்ட லீக்குகளின் கணக்குகள் உத்தியோகபூர்வ ஏட்டிற் சேர்க்கப்பட்டன. சேர்த்தவுடன், அதுகாறும் முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த வெள்ளையரைப் பின்தள்ளி, ஆயிரத்துக்கு 372 என்ற அடித்தாட்ட விகிதத்துடன் கிப்சன் முதலிடம் பெற்றார். அட்டைகளின் பின்புறத்தில் எண்கள் என்று அச்சிடப்பட்டவையும் ஒரு வர்க்கத்தின், ஓர் இனத்தின் தீர்ப்பையே தாங்கி நின்றன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, அவ்வரிசை ஓரிடத்தில் முறியும். 1955இல் டொட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடர் வெற்றியை ஈட்டிற்று. இரண்டே ஆண்டுகளின்பின், 1957இல், உடைமையாளர் அணியை முழுவதாகப் பெயர்த்து நாட்டின் மறுகோடியிலுள்ள லொஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கொண்டுசென்றார். புறூக்ளின் மக்கள் ஆரவாரித்த மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு அட்டையில் அதே முகங்கள், வேறு ஊர்ப் பெயர். ‘எங்கள் அணி’ என மக்கள் கூறியது உணர்ச்சி. அணி யாருடையது என்பதைச் சொத்துரிமைப் பத்திரம் கூறிற்று.

மூன்றாவதாக, வீரர்களே கைமாறுவதை அவ்வரிசையிற் காணலாம். றொபின்சனையே 1956 டிசம்பரில் நிருவாகம் பரம எதிரி அணிக்கு, வேறொரு வீரருக்கும் ஒரு தொகைப் பணத்துக்கும் மாற்றாகக் கொடுக்க முனைந்தது. அவர் போகவில்லை. ஆட்டத்தைவிட்டு விலகினார். ஓர் அட்டை இரண்டு கிடைத்தால் ஒன்றைத் தோழனிடம் கொடுத்துத் தன்னிடமில்லாததைப் பெறுவது சிறுவர் வழக்கம். தோழமையை வளர்க்கும் வழக்கமே அது. ஆனால் அச்சிறுவர் தாளைக் கொண்டு ஆடியதையே முதலாளிமார் மனிதரைக் கொண்டு ஆடினர். ஓர் அணியுடன் ஒப்பந்தம் செய்த வீரர், அவ்வணி விடுவித்தாலன்றி வேறெங்கும் ஆட முடியாதபடி ஒரு விதி அவரைப் பிணித்திருந்தது. சென் லூயிஸ் அணியின் கேர்ட் பிளட் 1969இல் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1970ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் இழந்தார். அவ்வாண்டு அட்டையோ அவரைப் பிலடெல்பியா வீரர் என்றே காட்டுகின்றது! ஒருநாளும் ஆடாத அணியின் பெயரை அவர் முகத்தின்மீது அச்சிட்ட அவ்வட்டை, முதலாளிமாரின் விருப்பத்தை நடந்த செய்திபோற் கூறும் பொய்ச்சாட்சியாகும். உச்ச நீதிமன்றம் 1972இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு அவ்விதியின் பிடியைத் தளர்த்தியது.

அட்டையே போராட்டக் களமான வரலாறும் உண்டு. வாக்னரின் தனி மறுப்பு அறுபது ஆண்டுகளின்பின் கூட்டு மறுப்பாக மாறியதை அங்கே காணலாம். சுவிங்கத்தோடு அட்டை விற்ற ரொப்ஸ் நிறுவனம், ஒரு வீரரின் முகத்துக்கு ஆண்டொன்றுக்கு 125 டொலர் கொடுத்து வந்தது. உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பயின்ற மார்வின் மில்லர் 1966இல் வீரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். நிறுவனம் நியாயமான பங்கு தர மறுத்தபோது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம், படம் எடுக்க இடங்கொடுக்க வேண்டாம் என்றார். வீரர் ஒன்றுபட்டு நின்றனர். 1968இன் இறுதியில் நிறுவனம் பணிந்தது. தொகை 250 டொலராயிற்று. அதற்குமேல், விற்பனையில் நாற்பது இலட்சம் டொலர்வரை நூற்றுக்கு எட்டும், அதற்கு மேற்பட்டதில் நூற்றுக்குப் பத்தும் வீரருக்கெனக் கிடைத்தன.

1969ஆம் ஆண்டு அட்டைகளைப் பார்ப்போர் பல வீரரின் பழைய படங்களையும், தொப்பியில்லாத தலைகளையும் அங்கே காண்பர். படம் நன்றாயில்லை எனச் சேர்ப்போர் சிலர் குறைகூறுவதுண்டு. கலை நோக்கில் அக்குறை உண்மையே. ஆனால் புதுப்படம் இல்லாமைக்குக் காரணம் வீரரின் ஒற்றுமை. வேலைநிறுத்தம் ஒன்று அதன் எதிரியின் அச்சகத்திலிருந்தே பல இலட்சம் பிரதிகளாக வெளிவந்தது எனலாம். அழகின் குறைவே அங்கு வரலாற்றின் நிறைவு. அதே தொடரில் ஒரேலியோ றொட்ரிகெஸ் என்பவரின் அட்டையில் தவறுதலாக வேறொருவரின் படம் அச்சாகிவிட்டது. அவர் அவ்வணியின் மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பையன். மைதானத்தில் ஓடியாடி உழைப்போருள் ஒருவர் அட்டைக்குள் நுழைவதற்கு அச்சுப்பிழை ஒன்று வேண்டியிருந்தது!

அட்டைக்கு மதிப்பு எங்கிருந்து வருகின்றது என்பதையும் நோக்குதல் தகும். ரொப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட தொடரில் விற்காது எஞ்சிய அட்டைகளை 1960இல் கப்பலேற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியது. அத்தொடரைச் சேர்ந்த மிக்கி மான்டிலின் அட்டையொன்று 2022 ஓகஸ்டில் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. மான்டிலின் தந்தை ஒக்லஹோமாவில் ஈய, துத்தநாகச் சுரங்கத்தில் உழைத்தவர். அட்டை வெளிவந்த அதே 1952இல், நாற்பது வயதளவில், அவர் இறந்தார். அவர் சுரங்கத்தில் வெட்டியெடுத்த ஈயத்தின் விலையெல்லாம் கூட்டினும் மகனின் அச்சுப்படத்தின் விலைக்கு ஈடாகாது. உழைப்பைவிட அருமையே விலையை ஏற்றுகின்றது. அவ்வருமையும் கடலிற் கொட்டியதால் உண்டானது. இன்று பல அட்டைகள் கண்ணாடி போன்ற உறைக்குள் அடைக்கப்பட்டு, மதிப்பெண் இடப்பட்டு, பங்குப்பத்திரம்போல் வாங்கி விற்கப்படுகின்றன. ரொப்ஸ் நிறுவனமும் 2022இல் அதனினும் பெரிய ஒரு வணிக நிறுவனத்தின் வாய்க்குள் சென்றுவிட்டது.

இத்தனையும் கூறியபின், சேர்ப்பவரைப் பழித்தல் நம் நோக்கமன்று என்பதையும் கூறியாக வேண்டும். ஒரே பருவம் ஆடி மறைந்த வீரரின் அட்டையைத் தேடி அலைபவர் விலையை நாடவில்லை. அவ்வட்டைக்கு விலையே இல்லை. தம் அணியில் உழைத்த ஒருவரும் மறக்கப்படலாகாது என்பதே அவரது ஆவல். வணிகன் பரபரப்புக்காக வெளியிட்டதை அவர் வரலாறாக மாற்றுகின்றார். உடைமையாளர் ஊரைவிட்டு ஓடியபோதும் புறூக்ளினின் அட்டை வரிசையை அவர் கலைக்கவில்லை. மக்களின் நினைவு சந்தைக்கு முற்றிலும் அடிமைப்படுவதில்லை என்பதற்கு அவர் சாட்சி. குறைபாடு அவரது அன்பில் இல்லை. எவரை நினைக்கலாம், எவரை மறக்கலாம் என்ற பட்டியலை வேறொருவன் எழுதிக் கொடுப்பதிலேயே அது உள்ளது.

நம் நிலை யாது? வீரரின் படம் நம் கிராமங்களுக்குப் பெரும்பாலும் பத்திரிகைத் தாளில் வந்தது. வெட்டி, கொப்பியில் ஒட்டி வைத்த தலைமுறைகள் நம்மிடையே உள்ளன. இலங்கைக் கிரிக்கெற் அணி 1982 பெப்ரவரியில் தன் முதலாவது டெஸ்ற் போட்டியை ஆடியது. 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்றது. அவ்வணியைத் தசாப்தங்களாகத் தொடர்ந்து சேர்க்கும் ஒருவர் கேட்கவேண்டிய கேள்விகள் பல. 1948 மார்ச்சில் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவம் தொகுப்பின் எந்தப் பக்கத்தில் வருவார்? டெஸ்ற் தகுதிக்கு முந்திய காலத்தவர் என்பதால் அவரை விட்டுவிடுவோமா? 2010இல் காலியில் 800ஆவது விக்கெற்றைப் பெற்ற முத்தையா முரளிதரனின் அட்டையின் பின்புறத்தில் அவ்வெண் இருக்கும். அவரது பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பது அங்கே இராது. கொழுந்துக் கூடையிலிருந்து அந்த எண்வரை நீளும் வரலாற்றை எந்த நிறுவனமும் நமக்கு அச்சிட்டுத் தராது.

அதனினும் அண்மையிலுள்ளது நம் ஊர். மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய் நின்றனர். அணிப்பற்று என்பது நமக்கு மேலைநாட்டார் கற்பித்ததன்று. அவ்வெற்றி தோல்விகளைச் சுமந்தவை படங்களல்ல, பாடல்கள். அவற்றையும் இந்நாட்டார் பிறவற்றையும் அழியாது தேடித் தொகுத்தோர் நம்மிடையே இருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள் 1962இலும், மண்டூரைச் சேர்ந்த வித்துவான் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இலும் வெளிவந்தன. சந்தையில் ஒரு சதமும் பெறாத வாய்மொழியை மக்களின் செல்வமெனக் கண்டு சேர்த்தவர்கள் அவர்கள். சேர்த்தலுக்கு நாம் கொள்ளவேண்டிய முன்மாதிரி இதுவே.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளியும், நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளும் இக்கரையோர வீடுகளிலிருந்து கொண்டுசென்றவை உயிரும் உடைமையும் மட்டுமல்ல. திருமணப் படங்களும், பாடசாலை அணியின் படங்களும், கழகத்தின் ஒட்டுக் கொப்பிகளும் சென்றன. ஓர் ஊரின் முகம் ஒரே பிரதியாக இருந்தால் ஓர் அலை அதனை அழித்துவிடும். அமெரிக்க அட்டை அழியாது நின்றதற்கு அதன் கலைச்சிறப்புக் காரணமன்று. அது இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டதே காரணம்.

ஆதலால் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. களுதாவளை, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்களின் பாடசாலைகளிலும் கழகங்களிலும் ஆடியவர்களின் எஞ்சிய படங்களைத் தேடி, கைத்தொலைபேசியிலேனும் பிரதி எடுத்து, ஒன்றைப் பாடசாலையிலும் மற்றொன்றை வேறூரிலும் வைத்தல் வேண்டும். படத்தின் பின்புறம் ஓட்டங்களின் எண்ணிக்கையோடு நில்லாது, அவர் எத்தொழில் செய்தார், எவர் மைதானத்தைச் செப்பனிட்டார், பந்து வாங்கப் பணம் எவ்வாறு சேர்ந்தது, எவர் எப்போது எங்கே இடம்பெயர்ந்தார் என்பனவும் எழுதப்படல் வேண்டும். படத்திலுள்ளவரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ கேட்டே அதனைச் செய்தல் வேண்டும். முகம் அவருடையது. பெண்பிள்ளைகளின் அணிகளையும், மட்டை தூக்கிச் சென்ற சிறுவரையும் விட்டுவிடலாகாது. இந்தத் தொகுப்புக்கு எந்த ஏலத்திலும் விலை கிடைக்காது. அடுத்த தலைமுறை நம் ஊரில் யார் யார் ஆடினர் எனக் கேட்கும்போது எடுத்துக் காட்டுவதற்கு அது இருத்தல் வேண்டும். அப்பணியை இவ்வாண்டுப் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலிருந்தே தொடங்கலாம்.